சக்தி வந்தவனுக்குப் பசிக்குமா?

மாயக்கதை எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். சாதாரண மனிதன் ஒருவனுக்கு மனித சக்தியை மீறிய ஏதோ கிடைத்துவிட்டது. மோதிரமோ வாளோ மந்திரமோ, ஏதோ ஒன்று. சரி, அதற்குப் பிறகு அவன் சாப்பிடுகிறானா? எழுதியவர் அவனை ஒருதரமாவது சோற்றுக்கு முன்னால் இருத்துகிறாரா, இல்லை, சக்தி வந்த அன்றோடு அவனுக்கு ஒரு வயிறு இருந்ததையே மறந்துவிடுகிறாரா?

கேட்கச் சிரிப்பாக இருக்கும். "வன்னியிலை வளந்த மூளை, நெல்லையும் சோத்தையும் தாண்டி எங்கை போகும்" என்று என் தம்பி நக்கலடிப்பான். (வன்னி, இலங்கையின் வடக்கில் எங்கள் பக்கம்.) இருக்கட்டும். இந்தக் கதைகளில் ஆன்மாவுக்கு என்ன ஆகிறது என்று கதைப்பவர்கள் பெரும்பாலும் நல்லவன் கெட்டவனாகிறானா என்ற ஒரு கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கெட்டவனாவதற்கு மந்திரம் எதற்கு? பக்கத்து வயலுக்குப் போகிற தண்ணீரை இரவோடு இரவாகத் திருப்ப ஒரு மண்வெட்டி காணும். சக்தி வந்தவனுக்குள் அதற்கு முன்னமே வேறொன்று நடக்கிறது. பசி, ருசி, களைப்பு, 'இனிப் போதும்' என்கிற நினைப்பு எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போகின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓர் ஆள் இருந்தானே, அவனைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954-இலும் 1955-இலும் வெளிவந்த கதை. அதில் மனிதருக்கென்று கொடுபட்ட மோதிரங்கள் ஒன்பது. வாங்கியவர்கள் அரசர்களானார்கள், சூனியக்காரர்களானார்கள், பெரிய போர்வீரர்களானார்கள். பேரும் பொருளும் சேர்ந்தன. சாவு வரவில்லை. ஆனால் உயிர் கூடவும் இல்லை. இருந்த உயிரே நீண்டுகொண்டு போனது, ஒவ்வொரு நிமிடமும் அலுப்பாகும் வரைக்கும். கடைசியில் ஆட்களே கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து போனார்கள். அவர்கள் போட்டிருக்கிற கறுப்பு அங்கி மட்டும் நிஜத் துணி. உயிரோடு இருப்பவர்களிடம் ஏதும் அலுவல் வந்தால் உள்ளே இருக்கிற வெறுமைக்கு ஓர் உருவம் வேண்டுமே, அதற்காக உடுத்திக்கொள்வது. இந்த விவரத்தை முதன்முதலில் வாசித்த இரவு எனக்குப் பேய்க்கதை எதுவும் தராத பயம் வந்தது. உடுப்பு இருக்கிறது, உடுத்த ஆள் இல்லை.

அதே கதையில் கொல்லம் என்றொரு பிராணி. முன்னொரு காலத்தில் ஆற்றங்கரைக் குடியொன்றில் பிறந்தவன், பாட்டி இருந்தவன், மீன் பிடிக்கப் போனவன். எல்லா மோதிரங்களையும் ஆள்கிற தலைமை மோதிரம் கிடைத்துப் பல நூறு வருடங்கள் மலைக்கடியில் இருட்டில் கிடந்தபின் அவனுடைய வாயைப் பாருங்கள். எல்ஃப் இனத்தாரின் ரொட்டியை ஒரு துண்டு கொடுக்கிறார்கள். சாம்பலும் தூசியும் தின்றவன்போல இருமித் துப்புகிறான். சாம் என்கிற தோட்டக்காரன் முயலைக் காட்டுக் கீரைகளோடு சமைக்கிறான். நல்ல இறைச்சியை நெருப்பில் வைத்துப் பழுதாக்குகிறாயே என்று கொல்லம் பதறுகிறான். அவனுக்குப் பச்சையாக வேண்டும். அடுப்பு, உப்பு, வேகும்வரை காத்திருத்தல், பங்கு போடுதல், இவ்வளவும் அவனிடமிருந்து போய்விட்டன. ஒரு உயிர் எவ்வளவு தூரம் தேய்ந்திருக்கிறது என்பதைத் தத்துவம் எதுவும் பேசாமல் ஒரு சட்டி முயல்கறியை வைத்தே காட்டிவிடுகிறார் மனுசன். பிறகு அதே மோதிரத்தைச் சுமந்து போகிற, சாமின் தலைவன் ஃப்ரோடோவுக்கும் இதுதான் நடக்கிறது. பகைவனின் நாடான மோர்டோருக்குள் போன பிறகு சோற்றின் ருசியும் தண்ணீர் பட்ட நினைவும் காற்றின் சத்தமும் ஒன்றுமே தனக்கு ஞாபகத்தில் இல்லை என்று சாமிடம் சொல்கிறான். அவன் இன்னும் கெட்டவனாகவில்லை. ஒரு கொலை செய்யவில்லை, ஒரு பொய் சொல்லவில்லை. ஆனாலும் போய்க்கொண்டிருக்கிறான்.

சாமுக்கும் அந்த மோதிரம் கொஞ்ச நேரம் கிடைக்கிறது. அப்போது அவனுக்கு வரும் ஆசை என்ன தெரியுமா? ஒளிவீசும் வாளோடு படை நடத்தி, பாழ்நிலம் முழுவதையும் பூந்தோட்டமாக்கிவிடலாம் என்பது. கெட்ட ஆசையே கிடையாது. எங்கள் பக்கத்து விவசாயி எவனுக்கும் வரக்கூடிய ஆசை அது. தலைவன்மேல் இருந்த அன்பும், ஒரு சின்னத் தோட்டம் தனக்குக் காணும், அதைத் தன் கையாலேயே கொத்திக்கொள்ளலாம் என்ற சாதாரணப் புத்தியும்தான் அவனை இழுத்து நிறுத்துகின்றன. பிறகு மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். பயணத்தில் பெரும்பகுதி சட்டி பானையைச் சுமந்துகொண்டு திரிந்தவன் அவன்தான் என்பதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இங்கே பள்ளிக்கூடத்தில் சைவநெறி படித்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. பதி, பசு, பாசம், அதாவது இறைவன், உயிர், உயிரைக் கட்டும் தளை என்று பாடமாக்கினோமே. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் என்பது சித்தாந்தம். பளிங்குக்கு முன்னால் சிவப்புப் பூவை வைத்தால் பளிங்கு சிவக்கும். மோதிரத்தைச் சார்ந்தால் மோதிரத்தின் நிறம். இன்னொன்றும் அதற்குள் இருக்கிறது. ஆணவ மலம் வெளியில் இருந்து வருவதில்லை, செம்பில் களிம்புபோல ஆரம்பத்திலிருந்தே உயிரோடு கூட இருக்கிறது என்பார்கள். அப்படிப் பார்த்தால் மந்திரக்கோல் யாரையும் கெடுப்பதில்லை. உள்ளே கிடந்ததற்கு அது வேலை கொடுக்கிறது. பரீட்சைக்காக நெட்டுருப் பண்ணியபோது இது இவ்வளவு உயிருள்ள விஷயம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

தம்பியின் மகள், என் மருமகள், இப்போது ஹாரி பாட்டர் பைத்தியம். ஃபோனில் வாசிக்கிறாள், சார்ஜ் தீர்ந்தால் என் ஃபோனையும் பறிக்கிறாள். ஒருநாள் நான் நெல் அவித்துக்கொண்டிருந்தபோது வந்து அந்தக் கதையின் வில்லனைப் பற்றிக் கேட்டாள்: "மாமி, வோல்டமோட்டுக்கு உயிர் ஏழு துண்டெல்லோ, அப்ப ஏழுதரம் பசிக்குமோ?"

"ஒருதரமும் பசிக்காது" என்றேன்.

"அப்ப என்னத்துக்கு உயிரோட இருக்கிறார்?"

நான் இவ்வளவு பக்கம் எழுதிச் சொல்லப் பார்ப்பதை அந்தப் பிள்ளை ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கதையை எழுதிய ரௌலிங்கின் ஏற்பாட்டில் ஆன்மாவைத் துண்டாக்குவதற்குக் கொலை வேண்டும். ஒவ்வொரு கொலையும் ஆன்மாவைக் கிழிக்கிறது. கிழிந்த துண்டை ஒரு பொருளுக்குள் ஒளித்துவைத்தால் சாவு நெருங்காது. முதல் புத்தகத்திலேயே ஒற்றைக்கொம்புக் குதிரையின் இரத்தத்தைக் குடித்து அரைஉயிராய்க் கிடக்கிறான் வோல்டமோர்ட். அதைக் குடித்தால் உயிர் தப்பலாம், ஆனால் அது சபிக்கப்பட்ட உயிர். சாப்பாடு என்று அவன் வாயில் போவதே அந்த மாதிரி ஒன்றுதான். 2007-இல் வந்த கடைசிப் புத்தகத்தில் ஒரு விஷயம் போகிற போக்கில் வருகிறது. துண்டான ஆன்மாவைத் திரும்பவும் ஒட்டலாம், வழி ஒன்றுதான், செய்ததற்கு உண்மையாக மனம் வருந்துவது. அந்த வருத்தத்தின் நோவிலேயே ஆள் செத்தும் போகலாம். மந்திரங்கள் நிறைந்த ஏழு புத்தகங்களில் எனக்குப் பிடித்த மந்திரம் அதுதான். கோல் தேவையில்லை, அழத் தெரிந்தால் போதும்.

உயிரை வெளியில் ஒளித்துவைப்பது நமக்கும் பழகிய சங்கதி. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, குகைக்குள் கூட்டில் இருக்கிற கிளியின் தொண்டைக்குள் மந்திரவாதியின் உயிர். நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டபடி தூங்கியிருப்போம். நம் மந்திரவாதி கொலை செய்து உயிரைக் கிழிப்பதில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று எடுத்து வைக்கிறான், அவ்வளவுதான். அதனாலேயோ என்னவோ அவன் வோல்டமோர்ட் அளவுக்கு வெறுமையானவன் இல்லை. கடத்திக்கொண்டு வந்த அரசகுமாரி கொஞ்சம் சிரித்துக் கதைத்ததும் கிளி இருக்கிற இடத்தைச் சொல்லித் தொலைக்கிறான். உயிர் தூரத்தில் இருந்தாலும் யாரிடமாவது மனம் விட்டுக் கதைக்க வேண்டும் என்ற ஆசை மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தால்தான் செத்தும் போகிறான். சின்ன வயதில் கிளியின் கழுத்தைத் திருகும் இடத்தில் கைதட்டினோம். இப்போது அந்த மந்திரவாதிமேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு.

ஆனால் மனிதப் பிறவி ஒன்றுக்குத் தாங்க முடியாத சக்தி வந்தால் என்னவாகும் என்று கேட்டால், எங்கள் ஊரில் எவரும் டோல்கீனிடம் போக மாட்டார்கள். நந்திக்கடலோரம் வற்றாப்பளையில் கோயில் கொண்டிருக்கிறாள் ஒருத்தி. வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவும் கிளிநொச்சியும் வவுனியாவும் அங்கேதான் நிற்கும்.

கண்ணகியின் கதையில் எல்லோரும் சிலம்பைப் பற்றிக் கதைப்பார்கள், தீயைப் பற்றிக் கதைப்பார்கள். நான் சோற்றிலிருந்து தொடங்குகிறேன். மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில் மாதரி கண்ணகிக்கும் கோவலனுக்கும் ஒரு வீடு ஒழித்துக் கொடுக்கிறாள். காய்களும் மாதுளங்காயும் மாம்பழமும் வாழைப்பழமும் சாலி அரிசியும் கொண்டுவந்து வைக்கிறாள். பணக்கார வீட்டில் பிறந்து வளர்ந்த கண்ணகி அரிவாளை எடுத்துக் காய் நறுக்குகிறாள். மெல்லிய விரல்கள் சிவந்துபோகின்றன, முகம் வியர்க்கிறது, கண்ணும் சிவக்கிறது. வைக்கோல் நெருப்பு மூட்ட மாதரியின் மகள் ஐயை உதவுகிறாள். குருத்து வாழையிலை விரித்துக் கோவலனுக்குப் பரிமாறி, உண்டு எழுந்தவனுக்கு வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள். அவள் சாப்பிட்டாளா என்று அந்தக் காதையில் நான் தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை. அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு போனான், அவள் இன்னும் உண்ணாமலே நிற்கிறாள். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

அடுப்புக்கு வைக்கோல் மூட்டத் துணை தேவைப்பட்ட அதே பெண்ணிடம், தீக்கடவுளே வந்து யாரை விட்டுவைக்க வேண்டும் என்று உத்தரவு கேட்கிறான். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியவர், குழந்தைகள், இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் போ என்கிறாள். மாணவியாக இருந்த காலத்தில் இந்த இடம் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. இப்போது அப்படி வாசிக்க முடிவதில்லை. 2009-இல் போரின் முடிவில் இதே நந்திக்கடல் கரையில் நின்ற சனத்துக்குத் தெரியும், நெருப்பு பட்டியல் பார்த்து எரிவதில்லை. மாயக்கதைகளில் நாயகனின் கையிலிருந்து புறப்படும் தீ கெட்டவர்களை மட்டும் தேடிப் போய் எரிக்கிற பக்கங்களை நான் வேகமாகத் தள்ளிவிடுவதற்குக் காரணம் அதுதான். இதற்குமேல் அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

எரித்த பிறகு அவள் என்ன ஆனாள்? வைகைக் கரையோடு நடக்கிறாள். இரவு எது பகல் எது என்று தெரியவில்லை, பள்ளமென்றும் மேடென்றும் பாராமல் இறங்குகிறாள், ஏறுகிறாள். பதினாலாம் நாள் மலையில் வேங்கை மரத்தடியில் வானோர் வந்து கோவலனோடு சேர்த்துக் கொண்டுபோகிறார்கள். பின்னால் சேரநாட்டில் கோயிலெடுத்து வாழ்த்தும்போது தெய்வமாகத் தோன்றிப் பேசுகிறாள்: தென்னவன் தீதிலன், அவன் தேவர்கோன் கோயிலில் நல்விருந்து ஆகிவிட்டான், நான் அவனுடைய மகள், முருகனுடைய குன்றில் விளையாடிக்கொண்டிருக்கிறேன், தோழிகளே எல்லோரும் வாருங்கள்.

பாண்டியன் குற்றமற்றவனாம். தான் அவனுக்கு மகளாம். மன்னிப்பின் உச்சம் என்று மேடைகளில் இதை விளக்கக் கேட்டிருக்கிறேன். இருக்கலாம். ஆனால் எனக்கு அந்த வரிகளைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும், பக்தியால் அல்ல. தேரா மன்னா என்று அரண்மனையில் நின்று கேட்டவள் எங்கே போனாள்? அந்தப் பாட்டில் கோவலனின் பெயர்கூட இல்லை. நோவு ஆறிவிட்டதா, இல்லை நோவதற்கு உள்ளே ஆள் இல்லையா? கறுப்பு அங்கிக்காரர்களின் வெறுமையும் தெய்வத்தின் பெருங்கருணையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்று கீழே விழுவது, மற்றது மேலே போவது. ஆனால் இரண்டு பக்கத்திலும் விரல் சிவக்கக் காய் நறுக்கிய பெண்ணை நாம் இழந்துவிடுகிறோம். சக்தி அவளைத் தின்றாலும் சரி, தெய்வமாக்கினாலும் சரி, மாதரி வீட்டு அடுப்படியில் அவள் இல்லை.

வன்னிச் சனம் இதற்கு உடன்படவில்லை என்றுதான் நினைக்கிறேன். எங்கள் பக்கத்துக் கதை வேறு. ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் மாறும், எங்கள் வீட்டில் அம்மம்மா சொன்னது இது. மதுரையை எரித்த சூடு ஆறாமல் கண்ணகி கடல் கடந்து இலங்கைக்கு வருகிறாள். இடமிடமாகத் தங்கி, கடைசியில் நந்திக்கடல் கரைக்கு வருகிறாள். ஒரு கிழவியாக வருகிறாள். அங்கே மாடு மேய்க்கிற பெடியன்கள் விளையாடிக்கொண்டு நிற்கிறார்கள். பசிக்குதடா மக்காள் என்கிறாள். அவர்கள் வேப்பங்குழை முறித்து ஒரு கொட்டில் போட்டு, கொண்டு வந்த அரிசியில் பால் விட்டுப் புக்கை பொங்கிக் கொடுக்கிறார்கள். தின்கிறாள். பொழுதுபடுகிறது. விளக்கு வைக்கச் சொல்கிறாள். எண்ணெய் இல்லை ஆச்சி என்கிறார்கள். கடல் தண்ணியை விட்டுக் கொளுத்துங்கோ என்கிறாள், எரிகிறது. பிறகு தலை கடிக்குது, பேன் பாருங்கோ என்று குனிகிறாள். பெடியன்கள் மயிரை விலக்கிப் பார்த்தால் தலை நிறையக் கண்கள், ஆயிரம் கண்கள். அலறி நிமிர்ந்து பார்க்க ஆளைக் காணோம்.

அம்மம்மா கண்கள் வரும் இடத்தில் என் தலையைப் பிடித்துக் குனிய வைத்து மயிரை விலக்குவா. அந்த விரல் இன்னும் என் உச்சியில் ஊர்கிறது.

இந்தக் கதையைக் கட்டியவர் யாரோ, அவர் மாயக்கதை எழுதுகிற எவருக்கும் குரு. சக்தி எங்கும் போகவில்லை. ஆயிரம் கண்ணும் மயிருக்குள்ளேயே இருக்கின்றன, கடல்நீரும் எரிகிறது. ஆனால் அதே தலையில் பேனும் கடிக்கிறது, அதே வயிறு பசிக்கிறது. இளங்கோவின் காப்பியத்தில் உண்ணாமல் எழுந்து போனவளுக்கு எத்தனையோ காதம் தாண்டி இங்கே மாடு மேய்க்கிற பிள்ளைகள் சோறு கொடுக்கிறார்கள். சக்தியை யாரும் அவளிடமிருந்து பறிக்கவில்லை. அவளைத் தங்களோடு இருத்தினார்கள், அவ்வளவுதான். இன்றைக்கும் வைகாசியில் கடல் தண்ணீர் எடுத்து வந்து விளக்கேற்றுகிறார்கள். முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலிலிருந்து மடைப்பண்டம் போகிறது, விடிய விடியப் பொங்கல். மட்டக்களப்புப் பக்கம் இன்னும் வெளிப்படையாகவே செய்கிறார்கள். அவளுடைய கதைப்பாட்டான வழக்குரையைப் பாடி முடித்துக் கடைசியில் குளிர்த்தி பாடுவார்கள். அவளுடைய கோபம் நியாயமானது என்று ஏற்றுக்கொண்டு, சரி அம்மா, இனிக் குளிர்ந்திரு என்று கெஞ்சுவது. வருடாவருடம் செய்ய வேண்டும். ஒருதரம் குளிர்வித்து முடிக்கிற காரியமாக அதை யாரும் நினைக்கவில்லை.

கோயில்களில் கலை வந்து, அதாவது சாமி ஏறி, ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாகப் புரியும். எங்கள் குளக்கட்டுக் கோயிலில் ஆடுகிறவர் மற்ற நாட்களில் லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரம் ஓட்டுகிறவர், கூச்ச சுபாவம், பெண்கள் நின்றால் தலையைக் குனிந்துகொண்டு போவார். உடுக்குச் சத்தம் ஏறியதும் அந்த ஆள் இல்லை. தன்னைவிட இரண்டு மடங்கு வயதானவர்களை அடே என்று கூப்பிடுவார். வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயத்தைச் சபையில் போட்டு உடைப்பார். வேப்பிலைக் குழையை வீசிக்கொண்டு நெருப்புக்குள் நடப்பார். அந்த நேரம் அவருடைய கண்ணைப் பார்க்க எனக்கு இப்போதும் பயம். பிறகு பூசாரியார் மஞ்சள் தண்ணீர் தெளித்து நெற்றியில் திருநீறு வைத்து அழுத்துவார். ஆள் துணிபோலச் சரிவார். இரண்டு பேர் தாங்கிக்கொண்டு போய்ப் பின்பக்கத் தாழ்வாரத்தில் இருத்துவார்கள். மனுசி பிளேன்ரீயும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு ஏற்கெனவே அங்கே நிற்பா. அவர் கை நடுங்க அதை வாங்கிக் குடித்துவிட்டு, ஆரையும் பேசிப்போட்டேனோ என்று மெல்லக் கேட்பார். ஒருதரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். புக்கை கொஞ்சம் வைக்கட்டோ என்பார்கள்.

கலை உண்மையா பொய்யா என்று விவாதம் செய்ய வருபவர்கள் அந்தத் தாழ்வாரத்துக்கு வருவதில்லை. எனக்குப் பெரிய விஷயம் அங்கேதான் நடக்கிறது. சக்தி வருவதற்கு ஒரு சடங்கு இருந்தால் இறங்குவதற்கும் ஒரு சடங்கு இருக்கிறது. அவர் இறங்கி வரும் இடத்தில் தேத்தண்ணியோடு ஓர் ஆள் காத்திருக்கிறது. மனிதன் அந்த உயரத்தில் இருந்து தானாக இறங்க மாட்டான், இறக்க வேண்டும் என்பது தெரிந்த சனம் செய்த ஒழுங்கு அது. மோதிரம் வாங்கிய அந்த ஒன்பது பேருக்கும் தாழ்வாரம் இருக்கவில்லை.

மேலைநாட்டு எழுத்தில் இந்த இறங்குகிற வேலையை உர்சுலா லெ குவின் அளவுக்கு யோசித்தவர் வேறு யாரையும் நான் வாசிக்கவில்லை. அவருடைய எர்த்ஸீ கதைகளின் முதல் புத்தகம் 1968-இல் வந்தது. அதில் உருமாறும் மந்திரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கரடி வடிவம் எடுப்பதில் ஆசைப்பட்ட மந்திரவாதி ஒருவன் அடிக்கடி அப்படி மாறி மாறி, உள்ளே கரடி வளர, மனிதன் செத்து, கடைசியில் காட்டில் தன் சொந்தப் பிள்ளையையே கொன்றுவிடுகிறான். பத்து வரிகூட வராது அந்தக் கதை. நாயகன் கெட் ஒருதரம் பருந்தாகிப் பறந்து தப்பி வந்து, திரும்ப மனிதனாகத் தெரியாமல் குருவின் கையில் வந்து இறங்குகிறான். குரு ஓகியன் அந்தப் பருந்துக்குள் இருக்கிற பையனை அடையாளம் கண்டு மீட்கிறார். அவர் மட்டும் அன்றைக்கு வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால்? கெட்டின் ஆன்மாவைக் காப்பாற்றியது அவனுடைய நல்ல குணமில்லை. அவனை முன்பே அறிந்த ஒருவர் இருந்தார், அதுதான்.

1972-இல் வந்த மூன்றாவது புத்தகத்தில் கெட், சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவில் எவனோ திறந்துவிட்ட கதவை மூடுவதற்குத் தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிடுகிறான். திறந்தவன் சாகாமல் இருப்பதற்காகத் தன் பெயரையே இழந்தவன். சாதாரண எழுத்தாளர் இந்த இடத்தில் பாராட்டுக் கூட்டம் வைத்து முடித்திருப்பார். லெ குவின் பதினெட்டு வருடம் கழித்து, 1990-இல், அடுத்த புத்தகத்தை எழுதினார். அதில் சக்தி போன கெட் ஊருக்கு வருகிறான். பெருமை ஒன்றும் இல்லை. வெட்கம். அரசனின் ஆட்கள் தேடி வந்தால் ஒளிந்துகொள்கிறான். மலைக்குப் போய் ஆடு மேய்க்கிறான். நடுத்தர வயதில், சக்தி இல்லாத சாதாரண மனிதனாக இருப்பது எப்படி என்று முதலிலிருந்து படிக்கிறான். புத்தகம் வந்தபோது இது என்ன கதை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. பறந்து திரிந்தவனை ஆட்டுக்குப் பின்னால் நடக்க விடலாமா என்பது அவர்கள் பிரச்சினை. எங்கள் ஊரில் எத்தனையோ பேர் பெரிய பெரிய இடங்களில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து ஆடு மேய்க்கிறார்கள். அவர்களிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். தமிழில் இருந்தால்.

இப்போது ஃபோன் செயலிகளில் தொடராக வருகிற மாயக்கதைகளை மருமகள் புண்ணியத்தில் நானும் வாசிக்கிறேன். அவற்றில் சக்தி என்பது விளையாட்டுப் புள்ளி. நாயகன் லெவல் ஏறுகிறான், பின் இன்னொரு லெவல், முடிவே கிடையாது. நூறாவது அத்தியாயத்தில் மலையைப் பிளக்கிறான், முந்நூறாவதில் நட்சத்திரத்தை. ஆனால் முதல் அத்தியாயத்தில் பசியோடு தெருவில் நின்ற அந்தப் பையன் எப்போது காணாமல் போனான் என்பது எழுதியவருக்கே தெரியாது. யானையை வசப்படுத்தலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், மனதை அடக்கிச் சும்மா இருக்கிற திறம்தான் அரிது என்று தாயுமானவர் இந்த லெவல்களை எல்லாம் எப்போதோ எண்ணி முடித்துவிட்டார். (யானையை வசப்படுத்தத் தெரிந்தவர் உண்மையிலேயே எவராவது இருந்தால் தயவுசெய்து ஒட்டுசுட்டான் பக்கம் வாருங்கள். வேலி ஒன்றும் மிஞ்சவில்லை.)

தாயுமானவரைச் சொன்னபோது திருமூலரையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நம்மிடம் இருக்கிற மிக விசித்திரமான மாயக்கதை அவருடையது. கயிலையிலிருந்து அகத்தியரைப் பார்க்கத் தெற்கே வருகிற சிவயோகி, சாத்தனூர்ப் பக்கத்தில் மூலன் என்ற இடையன் செத்துக் கிடப்பதையும் அவனுடைய பசுக்கள் சுற்றி நின்று கதறுவதையும் காண்கிறார். பசுக்களின் துயரம் பொறுக்காமல், தன் உடம்பை ஓரிடத்தில் மறைத்துவிட்டு மூலனின் உடம்புக்குள் புகுகிறார். மாடுகள் மகிழ்ந்து மேய்ந்து பொழுதுபட வீடு போகின்றன. திரும்பி வந்து பார்த்தால் தன் உடம்பைக் காணவில்லை. சிவனுடைய திருவுளம் என்று உணர்ந்து அந்த இடையனின் உடம்பிலேயே தங்கி மூவாயிரம் பாடல் பாடினார் என்று போகிறது புராணம். சக்தி இரக்கத்துக்காகப் பயன்பட்டது, விலையும் கொடுபட்டது. குறை சொல்ல இடமில்லை.

ஆனால் நடுவில் மூலனின் மனைவி வருகிறாள். பொழுதுபட்டும் புருசனைக் காணவில்லையே என்று தேடி வந்து, வழியில் நிற்பவரைக் கண்டு, ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து தொடப் போகிறாள். உனக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை என்று விலகிப் போய்விடுகிறார். அடுத்த நாள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவர்கள் போய்ப் பார்த்து, இவர் உன் கைக்கு எட்டாத நிலைக்குப் போய்விட்டார் அம்மா என்று சொல்லி அனுப்புகிறார்கள். அதோடு அவள் கதையிலிருந்து இறங்கிவிடுகிறாள். பசுக்களின் அழுகை யோகியின் காதில் விழுந்தது, இவளுடையது விழவில்லை. புருசன் செத்துவிட்டான் என்று அழுவதற்கு அவளிடம் உடல்கூட இல்லை. அது மடத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறது, மூச்சு விடுகிறது. மூலனின் உயிர் எங்கே போனது என்று கேட்க அவளுக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது!

அந்த இரவு அவள் வீட்டில் என்ன சமைத்திருந்தாள், அதை யார் தின்றது, மூன்றாம் நாள் நான்காம் நாள் அந்த மடத்து வாசலில் அவள் ஏதும் கொண்டுபோய் வைத்தாளா, அவர் அதைத் தொட்டாரா என்று எல்லாம் சேர்த்து யாராவது ஒரு நாவல் எழுதினால் நல்லது. மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். "ஓ/எல் சோதினை முடியட்டும் மாமி" என்கிறாள்.